பாஸ்டன் நகரத்து மனைவியருக்கு

அன்புள்ள அம்மாக்களுக்கு,

உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. உங்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இருக்கவும் மாட்டீர்கள். இருந்தாலும் இந்த நன்றி உங்களுக்குத்தான்.

உங்கள் கணவர்களைச் சிறுவயதிலேயே ஆராயத் தொடங்கியவர்கள் ஷெல்டன் குளூக், எலினார் குளூக் தம்பதியர். பாஸ்டனின் ஏழைத் தெருக்களில் வளர்ந்து சீர்திருத்தப் பள்ளிக்குப் போன 500 பையன்கள். அதே வயது, அதே மாதிரித் தெருக்கள், அதே அறிவுத்திறன் இருந்தும் அந்த வழிக்குப் போகாத 500 பையன்கள். 32 வயதுவரை அவர்களைப் பின்தொடர்ந்து எழுதிய தாள்கள், ஹார்வர்டு சட்ட நூலகத்தின் அடித்தளத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. 1980-களில் குற்றவியல் ஆய்வாளர்கள் ஜான் லாபும் ராபர்ட் சாம்ப்சனும் அவற்றை எடுத்துப் படித்தார்கள். பிறகு, 70 வயதை நெருங்கிய பழைய 'கேடி'ப் பையன்களில் 52 பேரைத் தேடிப்போய்ப் பேசினார்கள்.

யார் திருந்துவான், யார் திருந்தமாட்டான் என்பதை அவர்களுடைய பிள்ளைப் பருவத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. நிலையான வேலை, ராணுவம், நீங்கள்: இவைதான் அவர்களைத் திருப்பியிருந்தன. குடும்பஸ்தனாக இருந்த காலத்தில், அப்படி இல்லாத காலத்தைவிட, அதே மனிதன் குற்றத்தில் இறங்கும் சாத்தியம் சராசரியாக 35 சதவீதம் குறைவு என்று 2006-இல் கணக்கிட்டார்கள்.

அந்த 35 சதவீதத்துக்குள் உங்கள் உழைப்பு இருக்கிறது. எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்று கேட்டீர்கள். பழைய தெருவைவிட்டு வேறு பேட்டைக்குக் குடிபோக வைத்தீர்கள். உங்கள் அண்ணன் தம்பிகளை அவனுக்கு உறவாக்கினீர்கள். குற்றமும் நெருங்கிப் பழகுகிறவர்களிடம் கற்றுக்கொள்வதே என்றார் குற்றவியலாளர் எட்வின் சதர்லாண்ட். மனிதர்கள் ஏன் குற்றம் செய்யாமல் இருக்கிறார்கள் என்று 1969-இல் திருப்பிக் கேட்ட இன்னொரு குற்றவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி, பிணைப்புகள் பிடித்து வைத்திருப்பதால் என்றார். இரண்டு தரப்பும் நெடுநாள் மோதிக்கொண்டன. உங்கள் வீட்டிலோ இரண்டும் ஒன்றாகவே நடந்தன. அவன் வேலைவிட்டு நேரே வீட்டுக்கு வந்த ஒவ்வொரு மாலையும், தெருமுனைச் சேக்காளிகள் இழந்த மாலை.

நான் சிறார் நீதிக் குழுமத்தில் உறுப்பினராக இருந்தவள். "இருபத்தொண்ணு முடியட்டும்மா, ஒரு கால்கட்டுப் போட்டுட்டா சரியாயிடுவான்" என்று தாய்மார்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். உங்கள் கதை அதை ஆமோதிப்பதுபோலத் தெரியும். இல்லை. தாலி கட்டியதால் மட்டும் எவனும் திருந்திவிடவில்லை. இருவருக்கும் இடையே ஒட்டுதல் மெல்ல மெல்ல வளர்ந்த வீடுகளில்தான் மாற்றம் வந்தது. வளராத வீடுகளும் இருந்தன. ஒருவனைத் திருத்தும் பொறுப்பை முன்பின் அறியாத ஒரு பெண்ணின் தலையில் கட்டுவது அநியாயம் என்று அந்தத் தாய்மார்களிடம் உரக்கச் சொல்லும் துணிவை எனக்குத் தந்தது உங்கள் வாழ்க்கைதான். பதினாறு வயதில் அவனுக்குத் தேவை, மாலையில் அவன் வரவை எதிர்பார்த்திருக்கும் ஒரு பெரியவர். அது அப்பாவாக இருக்கலாம். பட்டறை மேஸ்திரியாகவோ கபடி கற்றுத்தரும் அண்ணனாகவோகூட இருக்கலாம்.

அடியும் வசையும் பொறுக்காமல் பிரிந்து போனவர்களும் உங்களில் உண்டு. திருந்தியவர்களின் கதையைச் சொல்கிறவர்கள் உங்களை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் தோற்கவில்லை, அம்மா. உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நீங்கள் வெளியேறியதற்கும் என் நன்றி.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒருத்தி