புள்ளி விழாத கோடு

சின்னசேலம்
தவக்காலம், வெள்ளி

பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்யச் சொல்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் இஞ்ஞாசியார் இதற்கு ஒரு கணக்கு முறையே வகுத்தார். திருத்த வேண்டிய குறை ஒன்றை எடுத்துக்கொண்டு, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கோடு போட்டு, தவறும்போதெல்லாம் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நேற்றைக்கு இன்று குறைந்ததா என்று பார்க்க வேண்டும். கோபத்துக்கும் பொய்க்கும் நல்ல மருந்து. ஆனால் குறை என்று நமக்கே தெரிந்ததற்குத்தான் புள்ளி விழும். தெருவே சேர்ந்து செய்வது யாருக்கும் குறையாகத் தெரிவதில்லை. அந்தக் கோடு வருஷக்கணக்கில் வெறுமையாகக் கிடக்க, நாம் தேறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

தன்னைச் சோதித்தறிந்த பிறகே திருவிருந்தில் பங்குகொள்ள வேண்டும் என்று பவுல் எழுதியது கொரிந்தியருக்கான முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில். அதற்கு முந்தைய வரிகளை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். அந்தச் சபையில் சிலர் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். சோதனை பிறந்த இடம் அந்தப் பந்தி. அதே கடிதத்தின் 3ஆம் அதிகாரத்தில் அவர்களை இன்னும் பால் குடிக்கும் குழந்தைகள் என்கிறார். வரங்களுக்கும் அறிவுக்கும் அங்கே பஞ்சமில்லை. பொறாமையும் கட்சிகட்டலும் இருந்ததால்தான் அப்படிச் சொன்னார். ஆக, முதிர்ச்சியை அளக்க அவர் பார்த்தது பரவசத்தை அல்ல, பக்கத்தில் இருப்பவனை எப்படி நடத்துகிறோம் என்பதை.

பக்தியின் ஆழம் இதற்கு ஈடாகாது என்பதற்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவர் கீர்த்தனைகள் இன்றும் சபைகளில் ஒலிக்கின்றன. அவரே, எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்காரவைக்க முயன்ற இளம் மிஷனரிமாரை எதிர்த்து எழுதினார். தமிழ் இசையையும் பூவையும் ஒதுக்கிய அவர்கள்மேல் அவர் கொண்ட கோபத்தில் நியாயமும் இருந்தது. நியாயமான கோபத்துக்குள் இன்னொன்றும் ஒளிந்துகொண்டது. அவ்வளவு பெரிய மனதுக்கும் அது தென்படவில்லை.

சனி

சாதி சமூகப் பிரச்சினை, ஆன்மிகம் வேறு என்பார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கத்து எறையூர் நம் மாவட்டத்து ஊர்தான். 2008 மார்ச்சில் அங்கே வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அதுவும் தவக்காலம்தான். தகராறு நிலத்துக்கோ தண்ணீருக்கோ இல்லை. தனிக் கல்லறை, சவ ஊர்வலம் போகும் வழி, தலித் மக்கள் கேட்ட தனிப்பங்கு என எல்லாமே கோயில் காரியம். இதை ஆன்மிகத்துக்கு வெளியே தள்ளினால், பிறகு ஆன்மிகம் என்று எதை வைத்துக்கொள்வது?

கட்டளை போட்டு மனதை மாற்ற முடியாது என்ற எதிர்வாதம் வலுவானது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். பின்னாளில் சாதி விஷயத்தில் இளக்கம் காட்டிய லைப்சிக் மிஷனில் பலர் சேர்ந்தார்கள். 2003 நவம்பரில் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். ஐந்து வருஷத்துக்குள் எறையூர். மேலிருந்து வரும் சொல் மனதை மாற்றவில்லை, உண்மைதான். ஆனால் வில்சனின் கடிதம், அதுவரை தங்களுக்கே தெரியாத ஒன்றைப் பலருக்குக் காட்டியது: எதை விடுவதைவிடச் சபையை விடுவது எளிது என்று. சோதனைக்கு வேறு என்ன வேலை? கட்டளையை நம்பி உட்கார வேண்டாம். அது வெளியே கொண்டுவந்ததைப் பார்க்க மறுக்கவும் வேண்டாம்.

இப்படிப் பார்த்தால் பிறர் பாவத்தை எண்ணும் பரிசேயத்தனம் வந்துவிடாதா? வரும், கேள்வியைத் தலித் தெருவிடமோ ஆயரிடமோ கேட்டால். வழக்கத்தால் லாபம் அடைகிறவன் தன்னிடமே கேட்க வேண்டிய கேள்வி இது. எறையூரில் தொடங்கவும் வேண்டாம். வரன் தேடும் விளம்பரத்தில் 'ஆர்.சி.' என்ற எழுத்துகளை ஒட்டியே சாதிப் பெயரும் அச்சாகிறது. அதைப் பாவம் என்று அருட்தந்தையிடம் சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை. அந்தக் கோட்டில் முதல் புள்ளியை விளம்பரம் கொடுத்தவரே வைக்கட்டும்.