படைவீரன் வாழ்க்கை

நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டன் என்னும் ஊரில், மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி நிலையம் உள்ளது. 1758-ஆம் ஆண்டில் தோன்றிய பழம்படை அது. தென்னாட்டுச் சிற்றூர்களிலிருந்து அங்கு வந்து சேரும் இளைஞருள் பலர், அதற்குமுன் தம் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டாதவர். வேலை தேடி அலைந்த அவர்க்கு வேளை தவறாத உணவும், நல்ல உடையும், மாதந்தோறும் ஊதியமும் அங்கே கிடைக்கின்றன. தமிழரும் மலையாளியரும் தெலுங்கரும் கன்னடரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றனர். ஊரிலே காணக்கிடையாத பந்தி அது.

ஊதியத்தினும் பெரிய பேறு ஒன்று உண்டு. விடுப்பில் ஊர் திரும்பும் வீரனைக் கண்டால், தேநீர்க் கடையில் இருப்போர் எழுந்து இடந்தருவர். நேற்றுவரை ‘அந்தப் பயல்’ என்று இகழ்ந்த வாயே, ‘தம்பி, எப்பொழுது வந்தாய்?’ என்று அன்புடன் வினவும். அம்மதிப்பைப் பொருள் கொடுத்துப் பெறல் இயலாது.

ஆயினும், இச்சிறப்புக்குரிய விலையை வீட்டில் இருப்போரும் சேர்ந்தே செலுத்துகின்றனர். நெடுநல்வாடையில், வாடை வீசும் நள்ளிரவில், பாசறையிலுள்ள வேந்தன் புண்பட்ட வீரரைக் காணச் செல்கிறான். அரண்மனையில் அரசி உறங்காது வருந்துகிறாள். அரசிக்கேனும் ஆறுதல் கூறச் செவிலியர் அருகில் இருந்தனர். சிற்றூரில் வாழும் சிப்பாயின் மனைவிக்கோ கைக்குழந்தையும் கறவை மாடும் நோயுற்ற மாமியாருமே துணை. தங்கையின் திருமணத்துக்கும் தந்தையின் ஈமக்கடனுக்கும் அவன் வந்து சேர்வான் என்பது உறுதியன்று.

உயிருக்கு இடர் செய்வது பகைவர் குண்டு மட்டுமன்று. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில், இப்படையின் 19-ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த வீரர் பதின்மரைப் பனிச்சரிவு மூடியது. அவருள் நால்வர் தமிழர். ஆறாம் நாள், ஹனுமந்தப்பா என்னும் கன்னட நாட்டு வீரர் பனிக்கடியிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டார். நாடே அவர்க்காக வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11-இல் டெல்லி மருத்துவமனையில் அவரும் உயிர் நீத்தார்.

பிழைத்து மீள்வோர்க்கும் ஒரு கவலை உண்டு. பதினைந்து, பதினேழு ஆண்டுகள் பணியாற்றிய சிப்பாய், முப்பத்தைந்து வயதளவில் ஓய்வூதியத்துடன் வீடு திரும்புவதே நெடுங்கால வழக்கம். முப்பத்தைந்து, ஓய்வு கொள்ளும் வயதா? வங்கி வாயிலில் துப்பாக்கியுடன் நிற்கும் காவலரை உற்று நோக்குக. அவருள் பலர் முன்னாள் படைவீரரே. 2022-இல் வந்த அக்னிபத் திட்டமோ, பணிக்காலம் நான்கே ஆண்டு என்றும், அதன்பின் நூற்றுக்கு இருபத்தைவர் வரையே படையில் நிலைபெறுவர் என்றும் விதித்தது. ஏனையோர்க்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. இளமையைக் கொடுப்பவனுக்கு இது போதுமா என்று பெற்றோர் வினவுவதில் தவறில்லை.

பல்லாண்டு கழித்து ஊர் திரும்பியவன், வைகறை நான்கு மணிக்கே பழக்கத்தால் விழித்துக்கொள்கிறான். ஊர் உறங்குகிறது. தந்தையைப் புதியவர் போல் நோக்கி ஒதுங்கி நின்ற குழந்தை, சில வாரங்களுக்குப் பின்னரே மெல்ல வந்து அவன் மடியில் அமர்கிறது.