பரங்கிமலைப் பாறைக்கு கொல்கத்தா கல்லறையின் பெயர்!

சென்னை விமான நிலையத்தைச் சுற்றி நிற்கும் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகளின் பாறை நமக்கு வெறும் கருங்கல். உலகம் முழுக்க புவியியல் மாணவர்கள் படிக்கும் பெயர் வேறு... 'சார்னோக்கைட்'. பெயரில் பரங்கிமலையும் இல்லை, பல்லாவரமும் இல்லை. கொல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஓர் ஆங்கிலேய வியாபாரிதான் இருக்கிறார்.

ஜோப் சார்னாக், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர். 1690 ஆகஸ்ட் 24 அன்று ஹூக்ளி நதிக்கரையில் சுதாநுடி கிராமத்தில் வந்து இறங்கியவர், 1693-ல் இறந்துபோனார். இன்று ஆளுநர் மாளிகை அருகே செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கும் எண்கோண மண்டபத்துக்குள் அவர் கல்லறை. மேலே கறுத்த, வழவழப்பான பலகைக் கல்.

வங்காளம் வண்டல் பூமி. தோண்டினால் சேறுதான் வரும். அப்படியானால் இந்தக் கல் எங்கிருந்து வந்தது?

கேள்விக்கு விடை தேடியவர் தாமஸ் ஹாலண்ட். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் இயக்குநரானவர். நீலச்சாயல் அடிக்கும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். எல்லாம் பரங்கிமலை, பல்லாவரம் பாறையோடு அப்படியே பொருந்தின. கொல்கத்தாவை உருவாக்கியவர் என்ற மரியாதையில், 1893-ல் சார்னாக் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மரியாதை இப்போது இல்லை. கொல்கத்தாவுக்கு நிறுவனர் என்று யாரும் கிடையாது, பிறந்தநாளும் கிடையாது என 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகரம் கைவிட்ட பெயரை நம் கல் சுமந்துகொண்டிருக்கிறது! சார்னாக்குக்கு சென்னையோடு உள்ள ஒரு தொடர்பு, அவர் மகள்கள் 1689-ல் கோட்டை செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றது.

கல்லின் நிலைமை இன்னும் மோசம். சுமார் 250 கோடி வயதுள்ள பாறை, ஜல்லியாக உடைந்து சென்னையின் கான்கிரீட்டுக்குள் போய்விட்டது. திரிசூலம், பல்லாவரம் பக்கம் குன்றைக் குடைந்த இடங்களில் குவாரிக் குட்டைகள்தான் மிச்சம். பரங்கிமலை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதால் அங்கே பாறை தப்பித்திருக்கிறது.

பார்க்க ஆசையா? மின்சார ரயிலோ, மெட்ரோவோ... பரங்கிமலையில் இறங்கலாம். மலைமேல் தேவாலயத்துக்கு நூற்றுக்கும் அதிகமான படிகள். வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். வெளியே வெயில் பட்டு மங்கிய கல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். புதிதாக உடைந்த முகத்தில்தான் எண்ணெய் பூசியது போன்ற அந்த நீலச்சாம்பல் மினுமினுப்பு தெரியும்.