மேட்டில் கொதிக்கும் ஜீப்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில், விடியுமுன்பே ஜீப்புகள் விளக்கெரியச் சாரிசாரியாகச் செல்வதை நம் அன்பர்கள் பலர் கண்டிருப்பர். ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களும் ஆண்களும் அவற்றில் நெருங்கி அமர்ந்திருப்பர். கம்பம்மெட்டிலும் குமுளியிலும் இதே காட்சிதான். 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. நம்மவர் பிழைப்போ இரு பக்கமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பிழைப்பைச் சுமப்பது ஜீப்.

என் தங்கையின் கணவர் பூப்பாறைப் பக்கத்தில் ஜீப் ஓட்டுகிறார். பழைய பெட்ரோல் வண்டி. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல், வேறொரு வண்டியின் டீசல் என்ஜினை வாங்கி அதில் ஏற்றினார். (இதற்கு முன்அனுமதி பெற்று, பதிவுச் சான்றிலும் மாற்றத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் அதைச் செய்திருந்தார். செய்யாதவர்கள், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கு அலைய நேரும்.) என்ஜின் நன்றாகவே இழுத்தது. ஆனால் ஆள் ஏற்றி மேடேறினால் கொதித்தது. வாரத்தில் மூன்று நாள் பாதி வழியில் நின்றது. நேரத்துக்குப் போகாத பெண்களுக்கு அன்றைய கூலி போயிற்று. பட்டறையிலோ, “ஹெட்டைக் கழற்ற வேண்டும்” என்று பெருந்தொகை கேட்டார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணத்தைத் தவிர அவர்களிடம் வேறு பணம் இல்லை.

நான் முப்பது ஆண்டுகள் மோட்டார்ப் பணிமனையில் கைகறுத்தவன். “மாப்பிள்ளை, எங்கே கொதிக்கிறது?” என்று கேட்டேன்.

“மேட்டில்தான் மச்சான். தேனி ரோட்டில் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் ஒன்றுமில்லை.”

காய்ச்சல் எந்த வேளையில் வருகிறது என்று கேளாமல் மருந்து கொடுக்கும் வைத்தியர் உண்டா? சமவெளியில் வேகமாகப் போகும்போது கொதித்தால், ரேடியேட்டர் குழல்கள் அடைத்திருக்கலாம். கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தெர்மோஸ்டாட் முழுதும் திறவாமல் இருக்கலாம். காலையில் கிளப்பிய சில நிமிடங்களிலேயே ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி வந்தால், அப்போது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிப்பது நியாயம். மேட்டில் மட்டும் கொதித்தால் முதலில் பார்க்க வேண்டியது காற்று.

எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை நகர்த்துகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பங்கைத் தண்ணீர் சுமந்து சென்று ரேடியேட்டரில் இறக்கிவைக்க வேண்டும். சமவெளியில் எதிர்காற்றே அதை வாங்கிக்கொள்ளும். முதல் கியரில் ஊர்ந்து மேடேறும்போது எதிர்காற்று ஏது? விசிறி ஒன்றே துணை.

பானெட்டைத் திறந்தேன். புது என்ஜின் பழையதைவிட நீளம் குறைந்தது. விசிறி, ரேடியேட்டருக்கு ஒரு சாண் பின்னால், நடுவிலிருந்து சற்றுக் கீழே சுழன்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றியிருக்க வேண்டிய தகட்டுக் கூடு இல்லை. என்ஜினை ஏற்றியவர்கள் அது பொருந்தவில்லை என்று கழற்றி எறிந்துவிட்டார்களாம்! கூடில்லாத விசிறி, ரேடியேட்டர் வழியே குளிர்காற்றை இழுக்காமல், பக்கத்திலிருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். பெல்ட்டும் தளர்ந்திருந்தது.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. பலர் இதை வெறும் மூடியென்று நினைக்கின்றனர். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது. போடிமெட்டில் 95 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி, கொதிநிலையை ஏறக்குறைய 10 பாகை உயர்த்தித் தருகிறது. மலையில் ஓடும் வண்டிக்கு அந்தப் பத்துப் பாகை பெரிய செல்வம். சூடான வண்டியில் இம்மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரைமணி நேரமாவது பொறுங்கள். அருவி நீரை அப்படியே சூடான என்ஜினுக்குள் ஊற்றவும் வேண்டாம். ஹெட் விரிசல் விடும்.

தகர வேலைக்காரர் ஒருவரிடம் அளவு கொடுத்து, விசிறி இதழ்கள் பாதி உள்ளே நிற்குமாறு கூடு செய்வித்தோம். பெல்ட்டை இறுக்கி, புது மூடி போட்டோம். முன்சக்கரங்களை மேட்டில் நிறுத்தி, துருவைத் தடுக்கும் கூலன்ட் கலந்த நீரை மெல்ல ஊற்றினோம். உள்ளே சிக்கிய காற்று குமிழிட்டு வெளியேறியது. பட்டறை கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மீந்த தகரத்தைத் தங்கை கோழிக்கூட்டுக்கு எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு நானும் உடன் ஏறினேன். வண்டி எங்கும் நிற்கவில்லை. ஆனால் ஊசி மட்டும் சிவப்பைத் தொட்டே நின்றது. மெட்டில் இறங்கி வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 86 பாகைதான். புது என்ஜினின் சென்சாருக்கும் பழைய மீட்டருக்கும் பொருத்தமில்லை. அதையும் மாற்றிவிடச் சொன்னேன். “ஏலம் எடுப்பு முடியட்டும், மச்சான்” என்கிறார். ஊசியின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவைத்திருக்கிறார்.