தேசிக்காய் நிறத்தில் ஒரு மாலை

மணி கோர்ப்பது நமது கரையோர ஊர்களுக்குப் புதிய தொழிலல்ல. அறுந்த தஸ்பீஹைக் கோத்துக் கொடுக்கவும், மணப்பெண்ணுக்குக் கருகமணி கோக்கவும் தெருவுக்கு ஒரு கை இருந்தது. கல்முனைக்குடியில் எங்கள் தெருவுக்கு அந்தக் கை ஒரு ராத்தாவுடையது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அவவின் நகைநட்டெல்லாம் வீட்டோடு போயிற்று. உறவுக்காரி ஒருத்தி கலியாணத்துக்கு இரவல் வாங்கிப் போயிருந்த மஞ்சள் மணிமாலை மட்டும் மிஞ்சியது. அவவின் மாப்பிள்ளை சவூதியிலிருந்து, 'டொபாஸ்' என்று நம்பி வாங்கி வந்தது.

பின்னாளில் மகளுக்கு வீடு கட்டும் கடமை வந்தது. சுவர் எழும்பிவிட்டது, கூரைக்குக் காசில்லை. மாலையை விற்கத் துணிந்தா. டொபாஸ் விலைக்கே வாங்க ஒருத்தர் காத்திருந்தார். நான் விஞ்ஞானம் படிப்பிப்பவன் என்பதால் என்னிடம் கொண்டு வந்தா.

"இது என்ன கல்லெண்டு பாத்துச் சொல்லுங்க மன. தெரியாம வித்தா ஹறாமாப் போயிரும்."

மஞ்சள் கல் என்றால் நம்மவர்க்குப் புஷ்பராகம் நினைவுக்கு வரும். அது நீலக்கல்லின் இனம். டொபாஸ் வேறு. சிற்றின் இரண்டுமல்ல, சிறிதளவு இரும்பு கலந்து மஞ்சளான படிகம். பிரெஞ்சு மொழியில் எலுமிச்சையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். நமது பேச்சில் தேசிக்காய்க்கல் எனலாம். இரத்தினபுரிப் பக்கத்து இல்லத்திலும் அகப்படும். ஆனால் உலகச் சந்தையில் பெரும்பாலானவை, ஊதாநிறச் செவ்வந்திக்கல்லைச் சூடாக்கி மஞ்சளாக்கியவை. 'மதீரா டொபாஸ்' போன்ற பெயர்களில் இந்தப் படிகம் நெடுங்காலம் விலைபோனது.

இவற்றைப் பிரித்தறிய அல்பிறூனி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்டார். கல் வெளியேற்றும் நீரை நிறுத்து, ஒவ்வொரு கல்லின் அடர்த்தியையும் ஒப்பிட்டார். நானும் அதைத்தான் செய்தேன். கொக்கியைக் கழற்றி, மணிகளை மெல்லிய நூலில் கட்டி நிறுத்தேன். காற்றில் 53 கிராம், தண்ணீருக்குள் 33 கிராம். குறைந்தது 20. வகுத்தால் 2.65. படிகத்தின் அடர்த்தி அதுதான். டொபாஸ் என்றால் 3.5, புஷ்பராகம் என்றால் 4 அளவில் வந்திருக்க வேண்டும். கண்ணாடியும் 2.65க்குக் கிட்ட வரக்கூடும் என்பதால் கொழும்பில் பரிசோதிக்கச் சொன்னேன். சிற்றின் என்றே காகிதம் வந்தது.

ராத்தா காகிதத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. காத்திருந்தவருக்கு உண்மையைச் சொல்லி அனுப்பினா. அவர் திரும்பி வரவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட செய்தியை நாம் எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்! ஈரத்தை மேலே எடுத்து வைத்த ஒருவரை அன்றுதான் நேரில் கண்டேன்.

மாலை சிற்றின் விலைக்கே போனது. ஓடு போட நினைத்த வீட்டுக்குத் தகரம் வந்தது. இப்போதும் ராத்தா மணி கோக்கிறா. ஒவ்வொரு மாலையிலும் ஒரு துண்டுக் கடதாசி தொங்கும். அதில் அநேகமாக எழுதியிருப்பது 'கண்ணாடி' என்றுதான்.