மஸ்டாங் பனியனும் அப்பாவின் காண்டசாவும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காதர்பேட்டையில் ஞாயிறு என்றால் வெளியூர்க் கூட்டம். ரயிலை விட்டு இறங்கி, டீயைக் குடித்துவிட்டு நேராகக் கடைத்தெருவுக்குள் நுழைந்துவிடுவார்கள். அப்படி வந்த கல்லூரிப் பையன் ஒருவன் எங்கள் கடைக் குவியலைக் கிளறி, ஓடும் குதிரைப் படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட்டை உருவி எடுத்தான்.

"அக்கா, மஸ்டாங்! எவ்வளவுங்க?"

"120 ரூபா கண்ணு."

பேரமே பேசாமல் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பேரம் பேசாமல் ஒருத்தர் வாங்கிப்போனால் கடைக்காரிக்கு அன்று தூக்கம் வராது. 150 சொல்லியிருக்கலாமோ?

எங்களுடையது சர்ப்ளஸ் கடை. எக்ஸ்போர்ட்டுக்குத் தைத்து மிஞ்சியது, ஆர்டர் ரத்தானது, சின்னக் கறை பட்டுத் தள்ளப்பட்டது எல்லாம் இங்கே வரும். அதில் கார் படம் போட்ட டி-ஷர்ட்டுக்கு என்றுமே கிராக்கி. கமேரோ, சார்ஜர், மஸ்டாங் என்று நெஞ்சில் எழுதியிருக்கும். அந்தக் கார்களை நேரில் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். நானும் பத்து வருடமாக விற்கிறேன், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது.

அர்த்தம் தேட வேண்டிய கட்டாயம் வந்தது வேறு காரணத்தால். சர்ப்ளஸை மட்டும் நம்பினால் ஆகாது என்று இரண்டு வருடத்துக்கு முன் நாங்களே குழந்தைகள் பனியன் தைக்க ஆரம்பித்தோம். எங்கள் வீட்டுக்காரர் நல்ல பெயராக ஒன்று வைத்தார். 5,000 லேபிள் நெய்து வாங்கினோம். மூன்றாவது மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதே பெயரை வேறொருவர் முறைப்படி பதிவு செய்து வைத்திருக்கிறாராம். தப்பு எங்களுடையதுதான். தேடிப் பார்க்காமல் வைத்துவிட்டோம். தைத்து முடித்திருந்த 600 பனியனிலிருந்து லேபிளைப் பிரித்து எடுத்தோம். நானும் மாமியாரும் பிசிறு வெட்டும் கத்தரியோடு மூன்று ராத்திரி உட்கார்ந்தோம். நகை அடகில் போனது அப்போதுதான், இன்னும் திரும்பவில்லை.

இப்போது மறுபடி பெயர் வைக்க வேண்டும். வீட்டுக்காரர் சாமி பெயர் என்கிறார். பத்தாவது படிக்கும் மகன், "இங்கிலீஷ்ல கெத்தா வைக்கணும்மா, மஸ்டாங் மாதிரி" என்கிறான். "அந்தப் பேரை யார்றா வெச்சாங்க?" என்று சும்மா கேட்டேன். அன்று ராத்திரி போனை எடுத்தவன் பன்னிரண்டு மணி வரை கீழே வைக்கவில்லை. நானும்தான்.

மஸ்டாங் கார் வெளிவந்தது 1964 ஏப்ரலில், நியூயார்க் உலகக் கண்காட்சியில். பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த ஃபோர்டு கம்பெனிக்குள்ளேயே இரண்டு கதை. இரண்டாம் உலகப் போரின் பி-51 மஸ்டாங் விமானத்தின் மேல் பிரியம் கொண்ட ஒரு டிசைனர் வைத்தது என்பது ஒன்று. அமெரிக்கப் புல்வெளியில் கட்டில்லாமல் திரியும் காட்டுக் குதிரையின் பெயர் என்பது இன்னொன்று. எது எப்படியோ, காரின் முகப்பில் ஓடுவது குதிரைதான். ஜெர்மனிக்குப் போனபோதுதான் சிக்கல். அங்கே க்ரூப் என்ற கம்பெனி தன் லாரிக்கு அந்தப் பெயரை முன்பே பதிவு செய்து வைத்திருந்தது. அதனால் 1970களின் இறுதிவரை ஜெர்மனியில் அதே கார் 'டி-5' என்ற பெயரில்தான் விற்றது. ஃபோர்டுக்கே இந்தக் கதி! எனக்கு ஏனோ அன்று மனசு கொஞ்சம் லேசானது. அவர்கள் காரிலிருந்து பெயர்ப் பட்டையைக் கழற்றினார்கள். நாங்கள் 600 பனியனில் கழற்றினோம்.

மற்றவர்கள் கதையும் சளைத்ததல்ல. பாண்டியாக் கம்பெனி தன் காருக்கு ஜி.டி.ஓ. என்று வைத்தது இத்தாலியின் ஃபெராரியிடமிருந்து அப்படியே எடுத்தது. பந்தயத்துக்கு அங்கீகாரம் பெற்ற கார் என்று இத்தாலிய மொழியில் அர்த்தம். பாண்டியாக் காருக்கு அப்படி அங்கீகாரம் எதுவும் கிடையாது. பிளைமவுத் கம்பெனி மேலதிகாரிகள் ஒரு காருக்குப் பாண்டா என்று வைக்கப் பார்த்தார்களாம். டிசைனர்கள் பதறிப்போய்த் தடுத்து, பாரகுடா என்று பல்லைக் காட்டும் மீன் பெயரை வைத்தார்கள். அதே கம்பெனி 1968இல் ரோட் ரன்னர் என்ற கார்ட்டூன் பறவையின் பெயருக்காக வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கட்டியது. பறவை மாதிரி 'பீப் பீப்' என்று கத்தும் ஹாரனும் வைத்தார்கள். "காசு குடுத்துப் பேரு வாங்கியிருக்காங்க பாரு" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தூங்குவதுபோல் படுத்திருந்தார்.

செவ்ரோலெட்காரர்களிடம் நிருபர்கள், "கமேரோ என்றால் என்ன?" என்று கேட்டார்களாம். "மஸ்டாங்கைத் தின்னும் ஒரு குட்டி மிருகம்" என்று பதில் வந்ததாம். எங்கள் கடைத்தெருக்காரர்களே தோற்றார்கள்!

"நம்மூர்க் காருக்கெல்லாம் யாரும்மா பேர் வெச்சா?" என்றான் மகன்.

இதில்தான் எனக்கு நிறைய ஆச்சரியம். அம்பாசடர் என்றால் தூதுவர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத்தான் அந்தப் பெயரில் 1950களின் கடைசியில் இங்கே செய்ய ஆரம்பித்தார்கள். ராஜ்தூத் மோட்டார் சைக்கிளுக்கும் அதே அர்த்தம்தான், அரசனின் தூதன். பெரியவருக்கு ஆங்கிலத் தூதர், பால்காரருக்கு இந்தித் தூதர். இத்தனை நாள் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே! பத்மினி, சித்தூர் ராணியின் பெயர். பியட் என்ற பெயர் போய், 1970களில் வந்தது. ஆனாலும் நம் ஆட்கள் கடைசிவரை பியட் என்றேதான் கூப்பிட்டார்கள். சேத்தக், ராணா பிரதாப்பின் குதிரை. யெஸ்டி, ஈரானின் யஸ்து நகரம். மைசூரில் அந்த வண்டியைச் செய்தவர்கள் இரானி குடும்பத்தினர். டி.வி.எஸ்.ஸில் வரும் 'டி' திருநெல்வேலிப் பக்கத்துத் திருக்குறுங்குடி என்பது, தினமும் வாசலில் பனியன் மூட்டையோடு போகும் எக்ஸ்.எல். வண்டிகளைப் பார்க்கும் எனக்கு அன்றுதான் தெரியும். 2016இல் டாடா தன் புதுக் காருக்கு ஜிகா என்று வைத்து விளம்பரமும் செய்தபிறகு, ஜிகா வைரஸ் பரவியதால் டியாகோ என்று மாற்ற வேண்டி வந்தது. அவர்கள் எத்தனை லேபிளைப் பிரித்தார்களோ?

பிறகு காண்டசா. 1984இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்தது. நீண்ட மூக்கும் அகன்ற தோளுமாக இருப்பதால், நம் நாட்டின் மசில் கார் என்று இன்றைக்கும் இளவட்டங்கள் தேடி வாங்குகிறார்கள். அந்தக் காரைத்தான் என் அப்பா ஓட்டினார். தன் காரை அல்ல, ஒரு கம்பெனி முதலாளியின் காரை. அப்பாவுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு டி.வி.எஸ். 50. விடியற்காலை அதில் போய் முதலாளி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, காண்டசாவைத் துடைக்க ஆரம்பிப்பார். லீவு நாளில் என்னையும் கூட்டிப்போவார். சீட்டில் உட்கார விடமாட்டார். டயர் கழுவ மட்டும் துணி கொடுப்பார்.

ஒருநாள் கேட்டேன். "காண்டசான்னா என்னங்கப்பா?"

"அது ஒரு ராணி பேரு கண்ணு."

அப்பா ஐந்தாவது வரைதான் படித்தவர். ஏதோ கேட்கிறாளே என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்றே நினைத்தேன். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த திமிர் எனக்கு. "எந்த ஊரு ராணிங்கப்பா?" என்று சிரித்தேன். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். முதலாளி அந்தக் காரை விற்றபோது வாங்குகிறவரின் ஊர்வரை அப்பாதான் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பி வந்தார். அதன் பிறகு வேறு கார் வந்தது. அதை அவர் கார் என்று சொல்லவே மாட்டார், வண்டி என்பார். அவர் போய் ஏழு வருடம் ஆகிறது.

மகன் திரையைப் பார்த்து வாசித்தான். "காண்டசான்னா இத்தாலி பாஷைல பிரபுவோட மனைவி, அந்தஸ்துல பெரிய அம்மாவாம்மா."

"ராணி மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். ஏம்மா?"

"உங்க அப்புச்சி சொன்னாரு."

முதலாளியோ அவர் பிள்ளைகளோ அப்பாவிடம் சொல்லியிருப்பார்கள். இல்லை, அவராகவே யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். தான் துடைக்கும் காரின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் தோன்றிய மனிதரைப் பார்த்துத்தான் அன்று சிரித்தேன். இதை மகனிடம் சொல்லவில்லை.

மறுநாள் மூன்று பெயர்கள் எழுதி வைத்தோம். இந்த முறை டிரேட் மார்க் இணையதளத்தில் துணிமணிக்கான 25ஆம் பிரிவில் நாங்களே தேடினோம். சாமி பெயர் ஏற்கெனவே பலரிடம் இருந்தது. மகனின் கெத்தான பெயரும் போய்விட்டது. மூன்றாவது நான் எழுதியது. அது இன்னும் யாரிடமும் இல்லை. விண்ணப்பம் போட ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பதிவு ஆகும்வரை அது என்ன என்று இங்கே சொல்லப்போவதில்லை, பட்டது போதும்.

லேபிள் கடைக்காரர் மட்டும் தினமும் போன் செய்கிறார். "அக்கா, 5,000 போட்டுறலாமுங்களா?"

"பொறுங்க தம்பி. முதல்ல 500 போடுங்க. அதுவும் நான் சொன்ன பிறகு."