எருமை நாக்கு

நெய்தல் திணையை வகுப்பில் நடத்தத் தொடங்கி நமக்கு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. திமிலும் அம்பியும் பரதவரும் சுறாக்கொம்பும் நம் நாவில் தடையின்றி வரும். ஆனால் கரையிலிருந்து கால் மைல் தொலைவுகூட நாம் கடலுக்குள் சென்றதில்லை. கலிபோர்னியாவில் வாழும் தம்பியின் வீட்டுக்கு 2024 கோடை விடுமுறையில் போயிருந்தபோதுதான் அந்தக் குறை தீர்ந்தது. (‘நாம்’ என்று எழுதுவது வகுப்பறைப் பழக்கம். ஒரு கூட்டத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும் கோழைத்தனமும் அதில் சிறிது உண்டு. பொறுத்தருள்க.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருள் பிரியுமுன்பே தம்பி எழுப்பினான். சான் ஹோசேயிலிருந்து பதினேழாம் எண் நெடுஞ்சாலை வழியே மலையைக் கடந்தால் மான்டரே விரிகுடா. அதன் வடகரையில் உள்ள காப்பிடோலா என்ற சிற்றூரில், காரின் கூரையிலிருந்து ‘கயாக்’ படகை இறக்கினோம். கடலும் வானும் தெரியாத மூடுபனி. ஜூன் மாதத்திலும் கால் வைத்தவுடன் எலும்பில் ஏறும் குளிர் நீர். உயிர்காப்புச் சட்டையைத் தம்பியே நமக்கு மாட்டி, வார்களை இழுத்து இறுக்கினான். சிறு வயதில் அவனுக்கு நாம் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டிருக்கிறோம்.

கயாக் என்பது வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் உலகுக்குத் தந்த படகு, தந்த சொல்லும்கூட. அவர்கள் சட்டகத்தின் மீது கடல்நாய்த் தோலைப் போர்த்திக் கட்டினார்கள். எங்களுடையது நெகிழி வார்ப்பு, இருவர் அமர்வது. நம் கட்டுமரமும் ஆங்கிலத்துக்குப் போன சொல்தான். டாம்பியர் என்ற கடலோடி 1697-ல் வெளியான தம் பயண நூலிலேயே அதைக் குறித்திருக்கிறார். இன்று அச்சொல் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுகளைச் சுட்டுகிறது. கட்டும் போயிற்று, மரமும் போயிற்று. பெயர் மட்டும் மிதக்கிறது. கயாக் அந்த வகையில் கொடுத்து வைத்தது.

தம்பி தேடிவந்தது ஹாலிபட் என்னும் தட்டை மீனை. பிறக்கும்போது அது மற்ற மீன்களைப் போலத்தான் பக்கத்துக்கு ஒரு கண்ணோடு இருக்கிறது. வளர வளர ஒரு கண் மண்டையைக் கடந்து மறுபக்கம் போய்விடுகிறது. பின்னர் வாழ்நாள் முழுதும் குருட்டுப் பக்கத்தைத் தரையில் வைத்து, மணலைப் போர்த்துக்கொண்டு, இரு கண்களும் மேல்நோக்க, நெத்திலியும் மத்தியும் கடந்து போகக் காத்துக் கிடக்கும். கலிபோர்னிய ஹாலிபட்டை இடக்கண் குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பத்தில் ஏறக்குறைய நான்கு மீன்களுக்குக் கண்கள் வலப்பக்கம் போய் அமைகின்றன. இலக்கணம் வகுத்தவர்களுக்குப் புறனடை எங்கும் உண்டு போலும்.

இதைப் பிடிக்கும் முறை தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதன்று. நீருக்குள் இழுத்துக்கொண்டே செல்வது. நூலில் ஓர் ஈயக்குண்டு, அதற்குப் பின்னால் இரண்டு முழ நூலில் இரை. துடுப்பை மெல்லப் போட வேண்டும், நடக்கிற வேகத்துக்கும் குறைவாக. குண்டு மணலைத் தட்டித் தட்டிச் செல்வதைக் கோலின் நுனி தலையசைத்துச் சொல்லும். அசைவு நின்றால் குண்டு தரையை விட்டு எழுந்துவிட்டது என்று பொருள். வேகத்தைக் குறைக்க வேண்டும். நாம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகமெடுத்தோம். “வகுப்பு முடியப் போவுதுன்னு பாடத்த ஓட்டுற மாதிரி ஓட்டாதீங்கண்ணே” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சால்மன் பிடிப்பு 2023-லும் 2024-லும் கலிபோர்னியக் கடலில் முழுமையாகத் தடை செய்யப்பட்டிருந்தது. சால்மனுக்குப் போகிறவர்களெல்லாம் ஹாலிபட்டின் மேல் விழுந்துவிடக் கூடாதென்று, வட பகுதியில் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று மீன் பிடிக்கலாம் என்றிருந்ததை 2023 ஜூனில் இரண்டாகக் குறைத்தார்கள். எத்தனை பிடித்தாலும் ஒவ்வொன்றும் 22 அங்குலம் இருந்தாக வேண்டும். ஒரு நாளுக்கான உரிமச்சீட்டைத் தம்பி நம் பெயரில் முன்னரே வாங்கி வைத்திருந்தான்.

பனி சற்று விலகியபோது கிழக்கே அந்தக் கான்கிரீட் கப்பல் தெரிந்தது. முதல் உலகப் போருக்கென்று கட்டத் தொடங்கி, போர் முடிந்த பிறகு 1919-ல் நீரிலிறங்கி, 1930-ல் இக்கரைக்கு இழுத்துவரப்பட்டு நடன அரங்காகி, பிறகு அலைகளில் உடைந்துகொண்டே இருக்கிற கப்பல். அதன் திசையில் மணல்தரை மேல் சென்றுகொண்டிருந்தோம்.

ஹாலிபட்டின் உறவு நம் கடலிலும் உண்டு. தரங்கம்பாடிக்காரர்கள் அதை எருமை நாக்கு என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வூரிலிருந்த ஜான் என்ற சமயப் பணியாளர், பெர்லினிலிருந்த பிளாக் என்ற மீனறிஞருக்கு மீன்களைத் திரட்டி அனுப்பிவந்தார். பிளாக் மறைந்த பின் 1801-ல் வெளிவந்த நூலில் இம்மீனின் அறிவியற்பெயர் ‘எருமெய்’ என்றே பதிவாயிற்று, இன்றும் அதுவே. அதன் இடம்பெயரும் கண் முழுதும் மறுபக்கம் போவதில்லை, தலையின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. இதைத் தம்பிக்குச் சொன்னபோது, “அப்பா வாங்கிட்டு வருவாங்களே, அதா?” என்றான்.

அதுதான். ஞாயிறுதோறும் பொறையாற்றிலிருந்து மிதிவண்டியில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு அப்பா தரங்கம்பாடிக் கரைக்குப் போவார்.

அப்பாவின் பெயர் எடுக்கப்பட்டதும் பேச்சு நின்றது. மூன்று ஆண்டுகளாக எங்களிடையே அது அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. 2021 மே மாதத்தில் அப்பா காலமானார். இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழையக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்த வாரம் அது. வந்தால், வேலை விசாவில் இருந்த அவன் மனைவி மக்களிடம் எப்போது திரும்புவான் என்பது தெரியாது. அறிவுக்கு இது புரிந்தது. ஆயினும் சுடுகாட்டில், சிறிய தகப்பனார் மகன் கைபேசியை உயர்த்திப் பிடித்து அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, கையில் கொள்ளியோடு நின்ற நாம் அதை அணைக்கச் சொன்னோம். சிக்னல் போய்விட்டதாகப் பிறகு அவனிடம் கூறப்பட்டது. அதை நாமும் மறுக்கவில்லை.

கயாக்கில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக ஒரே திசை பார்த்து அமர்கிறோம். முன்னிருப்பவருக்குப் பின்னிருப்பவர் முகம் தெரியாது. திரும்பினால் படகு ஆடும். அந்த வசதியில்தான் சொன்னோம், சுருக்கமாக, காரணம் எதுவும் சேர்க்காமல்.

பின்னால் துடுப்பொலி சீராக வந்துகொண்டிருந்தது. அவன் கேட்டானா என்றே ஐயம் வந்துவிட்டது. மறுபடி சொல்லலாமா என்று எண்ணியபோது நம் கோல் வளைந்தது.

“வெட்டி இழுக்காதீங்க! அது மென்னுகிட்டு இருக்கும், மெதுவா சுத்துங்க.”

சுற்றினோம். ஈரச் சாக்கைக் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் ஒரு பாரம் வந்தது. நீர்மட்டத்துக்கு அருகே மணல் நிறத்தில் ஓர் இலை விரிந்தது. விரிந்ததும் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஆழத்துக்குப் பாய்ந்தது. இப்படி இருமுறை. மூன்றாம் முறை தம்பி கைவலையை நீட்டித் தலைப்பக்கமாக வாங்கினான். கண்கள் வலப்பக்கம். சுருதி பிசகாமல் இருபது ஆண்டு செய்யுள் சொல்லிய வாய் அப்போது “டேய், டேய்” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

அளவுகோலில் வைத்தான். இருபத்தொன்றரை அங்குலம்.

அரை அங்குலந்தானே, இத்தனை பெரிய கடலில் யார் பார்க்கிறார்கள், வீட்டில் அம்மா காத்திருக்கிறார் என்றெல்லாம் வாதாடினோம். அறநூல்களையும் நடத்துகிற ஆசிரியர் நாம் என்பதை இங்கே நினைவூட்டத் தேவையில்லை. அவன் பதில் சொல்லவில்லை. முள்ளைக் கழற்றி, மீனை நீரில் சிறிதுநேரம் பிடித்திருந்து விட்டான். அது தட்டையாகச் சாய்ந்து, ஒரு வீச்சில் மறைந்தது.

பதினொரு மணிக்கு வடமேற்குக் காற்று எழுந்தது. திரும்புவது எதிர்க்காற்றில். தூண்டில்களைச் சுற்றி வைத்துவிட்டு இருவரும் வலித்தோம். முகத்தில் உப்புநீர் அடித்தது, தோள்கள் கடுத்தன. காப்பிடோலாவின் வண்ண வீடுகள் கண்ணில் பட்டன, ஆனால் நெருங்கவேயில்லை.

“அப்பா கடைசியா என்னண்ணே சாப்பிட்டாங்க?”

ரசஞ்சோறு, இரண்டு வாய் என்றோம்.

“மீன் கேக்கலியா?”

கேட்டார். முந்தின வாரம், எருமை நாக்கு கிடைக்குமா பார் என்றார். ஊரடங்கில் எல்லாம் அடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டோம். கரைக்குப் போய்ப் பார்க்கவில்லை. யாராவது ஒருவர் வைத்திருந்திருக்கலாம். அதையும் சொன்னோம்.

பின்னால் துடுப்பு நின்றது. படகின் முனை காற்றில் கடல் பக்கமாகத் திரும்பத் தொடங்கியது.

“இடப்பக்கமா ரெண்டு போடுங்கண்ணே, திரும்புது” என்றான்.